பாராலீகல் சர்டிபிகேட்டும் என் 999 ரூபாயும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே படிக்கிற பாராலீகல் கோர்ஸ், அதாவது வக்கீலுக்குத் துணையாகச் சட்ட வேலை பார்க்கிறவருக்கான படிப்பு; கட்டணம் 36,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 6,480. ஆகமொத்தம் 42,480 ரூபாய். ஆறு தவணையாகக் கட்டினால் மாதம் 7,080. அப்போது என் சம்பளம் 9,500. மீதி இருக்கிற 2,420 ரூபாயில்தான் பஸ், மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ், வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் எழுதிப் பார்த்தது, சீட்டை உறுதிப்படுத்த 999 ரூபாயை ஜிபேயில் அனுப்பிய பிறகு.

தருமபுரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் இரண்டரை வருஷமாக இருக்கிறேன். ஊர் பாலக்கோடு தாண்டி உள்ளே. பி.காம். முடித்துவிட்டு சும்மா இருந்தபோது, டைப்பிங் தெரியும் என்பதற்காகக் கிடைத்த வேலை. இப்போது டைப்பிங்கோடு நிற்பதில்லை. வக்காலத்தில் (வழக்கு நடத்த வக்கீலுக்குக் கட்சிக்காரர் அதிகாரம் கொடுக்கிற தாள்) கையெழுத்து வாங்க வேண்டும், வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், வாய்தா தேதியைக் கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், இ-ஃபைலிங்குக்கு ஸ்கேன் எடுத்துப் பக்க எண் போட வேண்டும், நகல் மனு போட வேண்டும், எதிராளிக்கு சம்மன் போகப் பேட்டா கட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பெயர் கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது "எங்கம்மா வேலை?" என்பார்கள். "வக்கீல் ஆபீஸ்ல" என்றால் முகம் மலரும். "வக்கீலா?" "இல்லீங்க, டைப்பிங்." அந்த மலர்ச்சி அப்படியே உள்ளே போய்விடும், பந்தியில் பாயசம் என் இலைக்கு முன்னால் தீர்ந்துபோன மாதிரி.

அதனால்தான் அந்த விளம்பரம் என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு இன்ஸ்டாவில் வந்தது. 'பாராலீகல் ஆகுங்கள், ஆறே மாதத்தில், வீட்டிலிருந்தே.' என் வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, சொல்வதற்கும் நன்றாக இருக்கிறது! போன் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே ஒரு பெண் கூப்பிட்டார், நல்ல இனிமையான குரல். "மேம், நீங்க ஏற்கெனவே பாராலீகல்தான் மேம். சர்டிபிகேட் மட்டும்தான் இல்ல." இந்த ஒரு வரிக்கே 999 கொடுக்கலாம், அவ்வளவு நன்றாகச் சொன்னார். கொடுத்தும்விட்டேன்.

அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் சம்பளம் டாலரில் இருந்தது. பொய்யில்லை, அமெரிக்காவில் அந்தச் சம்பளம் உண்மைதான். அந்த நாட்டு அரசின் 2024 கணக்குப்படி பாராலீகல்களுக்கு நடுத்தரமான வருஷச் சம்பளம் சுமார் 61,000 டாலர். ஆனால் அங்கே அது தனியாக ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. எந்தக் கல்லூரியின் பாராலீகல் படிப்பு சரியானது என்று அமெரிக்க வக்கீல்கள் சங்கம் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறது. 1976இலிருந்து தேசிய அளவில் தேர்வு நடக்கிறது. கலிஃபோர்னியாவில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. படிப்போ, வக்கீலிடம் வேலை பார்த்த அனுபவமோ காட்ட வேண்டும், அதற்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை மணி நேரம் வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சர்டிபிகேட் கதவைத் திறக்கும், ஏனென்றால் அங்கே கதவு இருக்கிறது. அந்தச் சாவியை இங்கே விற்கிறார்கள். பூட்டு அமெரிக்காவில்.

இங்கே நிலைமை என்ன? நம் வக்கீல் சட்டம் 1961ஆம் வருஷத்தது. அதில் வக்கீல் என்று ஒரே ஒரு வகைதான். பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் வழக்கு நடத்தலாம். பதிவு இல்லாமல் நடத்தினால் 45ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். நடுவில் பாராலீகல் என்று ஒரு படி அந்தச் சட்டத்தில் இல்லை. வக்கீலுக்குக் கீழே கோர்ட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஆள் வக்கீல் குமாஸ்தா. அவருக்கு சர்டிபிகேட் எதுவும் யாரும் கேட்டதில்லை, சீனியர் யார் என்றுதான் கேட்பார்கள்.

'பாராலீகல்' என்ற சொல் நம் அரசாங்கக் காகிதத்தில் வருகிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டம்; தமிழில் 'சட்டம் சார்ந்த தன்னார்வத் தொண்டர்' என்பார்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம், பயிற்சி அவர்களே இலவசமாகக் கொடுப்பார்கள், அடையாள அட்டை உண்டு. ஊர் ஊராகப் போய் இலவச சட்ட உதவி யாருக்குக் கிடைக்கும், 15100 என்ற உதவி எண்ணுக்கு எதற்குக் கூப்பிடலாம் என்றெல்லாம் சொல்கிற வேலை. வேலை பார்த்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, அது சம்பளம் ஆகாது. எங்கள் ஊர்ப் பக்கத்து அங்கன்வாடி அக்கா ஒருவர் இதில் இருக்கிறார். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம் என்று எங்கள் தெருவுக்கு முதலில் சொன்னது அவர்தான், வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிற நான் இல்லை. காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அவரே அப்படித்தான் சொல்கிறார்.

சரி, என் 999க்கு வருகிறேன். கட்டியதும் மாதிரிக்கு இரண்டு வகுப்பு திறந்துவிட்டார்கள். முதல் வகுப்பு 'சட்டம் என்றால் என்ன', நாற்பது நிமிஷம். இரண்டாவது குற்றவியல். அதில் ஒருவர் டை கட்டிக்கொண்டு 'மோசடிக்கு 420, கொலைக்கு 302' என்று நடத்துகிறார். நான் பார்த்தது 2025இல். 2024 ஜூலை 1ஆம் தேதியே இந்திய தண்டனைச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற பி.என்.எஸ். வந்தாயிற்று, இப்போது மோசடி 318, கொலை 103. பழைய சம்பவங்களுக்குப் பழைய பிரிவுதான் போடுவோம் என்பதால் 420ஐ மறந்துவிடக்கூடாதுதான், ஆனால் புதுசு ஒன்று வந்திருக்கிறது என்று அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. அந்த இனிமையான குரலுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அப்டேட் ஆயிட்டு இருக்கு மேம்" என்றார். பணம் திரும்ப வருமா என்றேன். சீட்டுக்குக் கட்டினது திரும்ப வராது மேம். குரல் அப்போதும் இனிமையாகத்தான் இருந்தது.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றைச் சொன்னால்தான் நான் ஏன் மனம் மாறினேன் என்பது புரியும்.

எங்கள் ஆபீஸில் மூத்த குமாஸ்தா ஒருவர் இருக்கிறார், அறுபது தாண்டிவிட்டது, எல்லாரும் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது படிப்பு. காரிமங்கலத்திலிருந்து ஒருவர் ஒரு செக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1,80,000 ரூபாய், கணக்கில் பணமில்லை என்று பேங்கில் திருப்பிவிட்டார்கள். எங்கள் சீனியர் வக்கீல் மேடம் கோர்ட்டில் இருந்தார். அய்யா செக்கைப் பார்க்கவே இல்லை. "மெமோ எங்கே?" என்றார். பேங்க் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டு. அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். அய்யா அதை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் இரண்டு தடவை தேய்த்து நிமிர்த்தி, தேதியைப் பார்த்தார். "இது உங்க கைக்கு என்னிக்கு வந்துச்சு?" அவர் சொன்ன நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார். இருபத்தேழு. "ஏங்க, இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தா டீ குடிச்சிட்டு அனுப்பியிருப்பேன்."

அப்புறம் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எனக்கு எழுதிக் காட்டினார். மெமோ கையில் வந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவனுக்கு நோட்டீஸ் போய்விட வேண்டும். நோட்டீஸ் அவன் கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவனுக்கு டைம். 5ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினால் 20 வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. 20 முடிந்தும் பணம் வரவில்லையா, அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். "ஒரு மாசம்னா முப்பது நாள்னு எழுதிக்காத பாப்பா. சட்டத்துல மேல முப்பது நாள்னு எழுதியிருக்கான், கீழ ஒரு மாசம்னு எழுதியிருக்கான். ரெண்டும் வேற." கடைசியில் சொன்ன புகாரில் ஒரு நாள் தவறினால் தகுந்த காரணம் காட்டி ஜட்ஜிடம் மன்னிப்பு கேட்கலாம். நோட்டீஸ் தேதி தவறினால் அந்த மன்னிப்பு கிடையாது, செக்குக்கு மூன்று மாத ஆயுசு இன்னும் மிச்சம் இருந்தால் திரும்பப் போட்டு மறுபடி ரிட்டர்ன் வாங்கலாம், அது ஒன்றுதான் வழி. இவர் செக்குக்கு ஆயுசு முடிய ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டீஸ் டைப் பண்ணி, மேடம் திருத்தி, கையெழுத்து வாங்கி, மறுநாள் காலையில் தபால் ஆபீஸ் திறக்கிறபோது நான் வாசலில் நின்றேன். கவரின் மேல் பின்கோடு ஓர் எண் தப்பாக இருந்ததை கவுண்டரில் நிற்கும்போதுதான் பார்த்தேன். விலாசம் தப்பினால் கவர் திரும்பி வரும், நோட்டீஸ் சேரவில்லை என்று எதிராளி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். அடித்து எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. அந்த ஆளுடைய 1,80,000 ரூபாயும் என் பேனா முனையில் இருந்த மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும், இதெல்லாம் அந்த கோர்ஸில் வராது என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ பதினேழாவது வீடியோவில் வரும்தான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருத்தி வந்து நின்றால், மேடம் அவளிடம் அந்தக் கவரைக் கொடுப்பாரா என்பதுதான் கேள்வி. மேடத்திடமே கேட்டேன், சுற்றி வளைத்து. "மேடம், யாராவது பாராலீகல் சர்டிபிகேட் வச்சிருந்தா சம்பளம் கூடக் கொடுப்பீங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சேரப்போறியா?" மாட்டிக்கொண்டேன். 999 கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். "ஒரு 500 ரூபா கூடக் கொடுக்கலாம், ஆசைக்கு" என்றார்.

ஆசைக்குக் கிடைக்கிற அந்த 500ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள். 42,480ஐ 500ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 85 மாதம். ஏழு வருஷம் கழித்துத்தான் போட்ட முதல் திரும்பும், அதுவும் அந்த ஏழு வருஷமும் நான் அதே மேசையில் இருந்தால்.

தருமபுரிக்கு இது சரி, பெங்களூருக்கு என்ன என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். நம்மிடமிருந்து ஓசூர் தாண்டினால் பெங்களூர், இங்கே பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். வெளிநாட்டு வழக்குக்குக் கோப்பு பிரித்துக் கொடுக்கிற கம்பெனிகள், பெரிய சட்ட நிறுவனங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வேலை வாய்ப்புத் தளங்களைத் தோண்டினேன். தலைப்பில் பாராலீகல் என்று இருக்கும், உள்ளே போனால் தகுதி எல்.எல்.பி. என்று இருக்கும். பாராலீகல் என்ற பெயரில் அவர்கள் தேடுவது குறைந்த சம்பளத்துக்கு வரும் சட்டப் பட்டதாரியை. சில இடத்தில் எந்தப் பட்டமும் போதும் என்று இருந்தது. அங்கெல்லாம் ஆங்கிலம் சரளமாக வேண்டும் என்பது முதல் வரி. என் ஆங்கிலம் 'தி பெட்டிஷனர் ஹம்பிளி ப்ரேஸ்' வரைக்கும்தான் சரளம்.

ஓசூரில் என் சித்தி பெண் இருக்கிறாள். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்புகிற ஒரு ஆபீஸில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., லைசென்ஸ் புதுப்பித்தல் எல்லாம் பார்க்கிறாள். என்னைப் போலவே பி.காம். சட்டத்தில் ஒரு சர்டிபிகேட்டும் இல்லை. வாங்குவது 18,000. "உனக்குப் பத்திரம் பார்க்கத் தெரியும்ல, இங்க பேங்க் வக்கீல் ஆபீஸ்ல ஆள் கேட்டுட்டே இருக்காங்கடி" என்றாள். அது உண்மை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் கைமாறுகிற வேகத்துக்கு வீட்டுக் கடனுக்கு லீகல் பார்க்கிற வேலை எக்கச்சக்கம். முப்பது வருஷ வில்லங்கத்தை எடுத்து, மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரைக்கும் ஒவ்வொரு கைமாற்றமும் தொடுக்கிறதா, நடுவில் எந்த வாரிசாவது விட்டுப்போயிருக்கிறாரா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு அங்கே வேலை உண்டு. கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் கன்னடம், அதையும் சமாளிக்க வேண்டும். இந்தப் பத்திரம் பார்க்கும் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆபீஸில் இருக்கிற நாலு பீரோ. கட்டணம் எதுவும் கேட்காமல், மாதாமாதம் 9,500 ரூபாயும் கொடுத்து.

ஒரு டிப்ளமாவாவது பெயருக்குப் பின்னால் இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பாராலீகல் பிராக்டிஸ் டிப்ளமா இருக்கிறது. பிளஸ் டூ போதும், ஒரு வருஷம், மத்தியப் பல்கலைக்கழகத்தின் முத்திரை, கட்டணமும் தனியார் கேட்டதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. ஆங்கிலம் அல்லது இந்தி, தமிழில் கிடையாது. படித்தால் நஷ்டமில்லை, ஆனால் இதுவும் வக்கீலாக்காது, இதைக் காட்டி எல்.எல்.பி.யில் நேராக இரண்டாம் வருஷத்தில் உட்கார வைக்கவும் மாட்டார்கள்.

யாரும் பேசாத ஒரு சர்டிபிகேட் இருக்கிறது, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். டைப்ரைட்டிங். சிரிக்காதீர்கள். பாலக்கோட்டில் மாதம் 700 ரூபாய் கொடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு, பழைய மெஷினில், மின்சாரம் போனாலும் நிற்காத ஒரே வகுப்பு அது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது. இங்கிலீஷ் சீனியரும் தமிழ் ஜூனியரும், அல்லது தமிழ் சீனியரும் இங்கிலீஷ் ஜூனியரும் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குப் போட்டி போடலாம், கூடவே கம்ப்யூட்டர் ஆட்டோமேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். அந்தத் தட்டச்சர்கள் கோர்ட்டுக்கும்தான் போகிறார்கள். போட்டி கடுமை, ஒத்துக்கொள்கிறேன், லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள், ஆனாலும் தட்டச்சு இரண்டும் முடித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான். அப்புறம் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டக் கோர்ட்டுகளுக்கு 2,329 பேரை எடுக்க அறிவிப்பு விட்டது: எக்ஸாமினர், ரீடர், பெய்லிஃப், அலுவலக உதவியாளர் என்று. அந்த எக்ஸாமினருக்குக் கேட்ட படிப்பு பத்தாவது. அறிவிப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், பாராலீகல் என்ற வார்த்தையே அதில் இல்லை. அந்த அறிவிப்பு வந்தபோது நான் விண்ணப்பிக்கவில்லை, வாய்தா பிஸி என்று விட்டுவிட்டேன். 999 ரூபாயைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

கடைசியாக எல்.எல்.பி. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே எழுதுகிறேன், வாழ்க்கையிலும் அப்படித்தான் செய்தேன். தருமபுரியில் 2017இல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சேலத்துக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். டிகிரி முடித்தவருக்கு மூன்று வருஷம், நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத்தான் தரவரிசை, பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்னுடையது 61. கல்லூரிக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பெரிய தொகை எது என்றால் நான் சம்பாதிக்காமல் இருக்கப்போகிற மூன்று வருஷம்: 9,500ஐ 36ஆல் பெருக்கினால் 3,42,000 ரூபாய். வருகைப்பதிவு 70 சதவீதம் வேண்டும், தபாலில் படித்த சட்டப் பட்டத்துக்கு வக்கீல் பதிவு கிடையாது, ஆகவே முழுநேர வேலையோடு சேர்த்து ஓட்டவும் முடியாது.

முடித்த பிறகு? பதிவுக் கட்டணம் பற்றிப் பயந்திருந்தேன், ஒவ்வொரு மாநிலத்திலும் பல்லாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இருக்கிற 750க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125க்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. அப்புறம் ஜூனியர் வாழ்க்கை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே வருஷம் சொன்னது. எங்கள் கோர்ட் கேன்டீனில் ஒரு ஜூனியர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆர்டருக்கு நகல் மனு போட்டு எங்க சீனியர் மேசையில வச்சிடேன்" என்றார்.

ஆனாலும் பாருங்கள், 3,42,000 பெரிய பணம், 42,480 சின்னப் பணம், இருந்தும் எனக்கு இப்போது சின்னதுதான் விலை கூடியதாகத் தெரிகிறது. மூன்று லட்சத்தின் முடிவில் வக்காலத்தில் என் பெயர் இருக்கும், யாரிடமும் கேட்காமல் எழுந்து நின்று பேசலாம். இன்னொரு பக்கம் இருப்பது லேமினேஷன் செய்து சுவரில் மாட்டுகிற ஒரு தாள். வீட்டில் சும்மா பணம் இருக்கிறது, ஆங்கிலமும் வரும், பெங்களூரில் ஏற்கெனவே கம்பெனி வேலையில் இருக்கிறீர்கள், ஒப்பந்தம் படிக்கிற பிரிவுக்கு மாற மேனேஜர் ஒரு சர்டிபிகேட் கேட்கிறார் என்றால் நீங்கள் தாராளமாக வாங்குங்கள், அது வேறு கணக்கு. தருமபுரி, அரூர், பென்னாகரம் கோர்ட் ஆபீஸ்களில் உட்கார்ந்து என்னை மாதிரி யோசிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்: முதலில் உங்கள் சீனியரிடம் எவ்வளவு கூடக் கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஜிபேயைத் திறங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்கு நான் 999 கட்டினேன்.

மேடத்திடம் பேசியதில் ஒரு நல்லது நடந்தது. மறுமாதம் அவராகவே 11,000 ஆக்கினார். இ-ஃபைலிங் முழுக்க நீயே பார்த்துக்கொள்கிறாய், அதற்கு என்றார். லா காலேஜ் போவதானால் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை வா, பாதிச் சம்பளம் தருகிறேன் என்றும் சொன்னார். அப்படியானால் இழப்பு மாதம் 5,500, மூன்று வருஷத்துக்கு 1,98,000. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்குள் போக அண்ணன் வண்டியோடு வந்து நிற்க வேண்டும். அண்ணன் சரி என்றுவிட்டான், பெட்ரோலுக்குக் கணக்கு எழுதி வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறான். தமிழ் டைப்ரைட்டிங் சீனியருக்குப் பணம் கட்டியாயிற்று. காரிமங்கலத்துக்காரரின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, எதிராளி பதினான்காவது நாள் பாதிப் பணத்தோடு ஆபீஸுக்கே வந்து நின்றான், மீதிக்குப் பேச்சு நடக்கிறது.

அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்த வருஷம் ஒன்றரை ஏக்கர் தக்காளி போட்டிருக்கிறார், பாலக்கோடு மண்டியில் விலை படுத்துக் கிடக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் பெட்டி எத்தனைக்குப் போனது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சட்டக் கல்லூரி விண்ணப்பம் வருவதற்குள் கிலோ 30ஐத் தொட்டால் அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.